மூன்று முறை ஊரைவிட்டுப் போன வீடு

அலபாமாவின் தென்கோடியில், நிலக்கடலை விளைகிற செம்மண்ணில், பெக்கன் தோப்பு என்றொரு ட்ரெய்லர் குடியிருப்பு இருக்கிறது. தோப்பில் பெக்கன் கொட்டை காய்க்கிற மரம் என்று பார்த்தால் ஒன்றுதான். அதுவும் காய்ப்பதை நிறுத்தி வெகுகாலமாயிற்று. மற்றதெல்லாம் வீடுகள். ரயில்பெட்டியைக் கழற்றிக்கொண்டு வந்து புல்லில் நிறுத்தினாற்போல நீளமாக, ஒல்லியாக, தகரக் கூரையோடு. வீடு நம்முடையது, அது நிற்கிற மனை இன்னொருத்தருடையது. மாதாமாதம் மனைக்கு வாடகை கட்டிவிட்டு, வீட்டில் நிம்மதியாகக் காலை நீட்டிக்கொள்ளலாம்.

பெயர்தான் நகரும் வீடு. ஒருமுறை வந்து உட்கார்ந்துவிட்டால் அது நகர்வதில்லை. சக்கரத்தை அப்போதே யாராவது கழற்றி விற்றிருப்பார்கள். அடிப்பக்கத்தைச் சுற்றித் தகடு அடித்து, முன்னால் படி கட்டி, சாமந்தி வைத்து, சாக்கடைக் குழாய் சொருகியாகிவிட்டது. அதையெல்லாம் பிடுங்கி, தூக்கி, இழுத்துப் போய் இன்னொரு இடத்தில் இறக்குகிற செலவில் அதேபோல வீடு இரண்டு வாங்கலாம். இதனால்தான் எங்கள் ஊரில் கெட்டிக்காரர்கள் வீட்டை வாங்குவார்கள். அவர்களைவிடக் கெட்டிக்காரர்கள் மனையை வாங்குவார்கள்.

வெர்னா டில்லரி முதல் வகை. அவளுடைய அப்பாவும் அம்மாவும் சனிக்கிழமைச் சந்தையில் பழைய சாமான் விற்றவர்கள். பேரம் பேசாமல் ஒரு பொருளை வாங்குவது அந்தக் குடும்பத்தில் திருட்டுக்குச் சமம். வெர்னா பெக்கன் தோப்பில் ஒவ்வொன்றாக நான்கு வீடுகள் சேர்த்திருந்தாள். ஒன்றில் அவள். இரண்டாவதை ஜூனெல் என்கிற பள்ளிக்கூடச் சமையல்காரிக்கு வாடகைக்கு விட்டிருந்தாள். மூன்றாவதில் நான். நான்காவது காலி. டெக்சஸுக்கு ஓடிப்போன ஒருவனிடம் முந்நூறு டாலரும் ஒரு மரம் அறுக்கும் இயந்திரமும் கொடுத்து வாங்கியது அது. குளியலறைத் தரையில் காலை வைத்தால் ரொட்டியில் வைத்தமாதிரி அமுங்கும். ‘பழுது பார்த்ததும் விடப்போகிறேன்’ என்று வெர்னா சொல்லிக்கொண்டே இருந்தாள். வருஷங்களும் போய்க்கொண்டே இருந்தன.

நாங்கள் இரண்டு பேரும் கொடுக்கிற வாடகையில் நான்கு மனைக்கும் கட்டியதுபோக மிஞ்சுவதுதான் அவளுடைய முதுமைக்கால ஏற்பாடு. வேறு பென்ஷன் கிடையாது. அதை அவள் மறைத்ததும் கிடையாது. வாடகை கேட்க வரும்போதெல்லாம் அந்தக் கதையையும் கூடவே கூட்டிக்கொண்டு வருவாள்.

இந்த நிலையில்தான் பழைய மனைக்காரர் இறந்துபோய், அவருடைய பிள்ளைகள் குடியிருப்பை ட்ரெவர் ஹால்ப்ரூக் என்பவனுக்கு விற்றார்கள். முப்பது வயது இருக்கும். அட்லாண்டாக்காரன். ட்ரெய்லர் குடியிருப்புகளில் முதலீடு செய்வது எப்படி என்று வார இறுதி வகுப்பு ஒன்றுக்குப் போய்வந்து, மூன்று பல் டாக்டர்களைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, மீதிக்கு வங்கிக் கடன் வாங்கி வாங்கினான். முதல் நாள் வந்தபோது காலில் மண்படாத பூட்ஸ், கையில் இரண்டு பெட்டி டோனட். எல்லோரையும் வாசலில் கூட்டி வைத்துச் சிரித்த முகத்தோடு சேதி சொன்னான். மனை வாடகை இருநூற்று நாற்பதாக இருந்தது, நவம்பர் முதல் நானூற்றுப் பத்து. சந்தை நிலவரம் அப்படி. எல்லாருடைய பாதுகாப்புக்காகவும் வாசல் கம்பத்தில் ஒரு கேமரா வைக்கப்போகிறான். அவன் அட்லாண்டாவில் இருந்தபடியே பார்த்துக்கொள்வான். அப்புறம் ஒரு சின்ன உதவி: வெளியே கிடக்கிற பழைய சோபாக்களை அப்புறப்படுத்திப் புல்லை வெட்டி வைக்க வேண்டும். கடனைப் புதுப்பிக்க வங்கி ஆள் அக்டோபர் கடைசி வாரம் வருகிறார். எத்தனை மனையில் ஆள் இருக்கிறார்கள் என்று எண்ணுவார்.

கடைசி விஷயத்தை அவன் சொல்லியிருக்கக் கூடாது. வகுப்பில் அதைச் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது.

கூட்டம் கலைந்ததும் வெர்னா அவனிடம் போய், விருந்தாளியிடம் பேசுவதுபோலப் பேச்சை ஆரம்பித்தாள். இருநூற்று ஐம்பது என்றால் யோசிக்கலாம் என்றாள். அவன் மரியாதை தெரிந்தவன்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

“மேம், உள்ளதச் சொல்லட்டுமா? நீங்க எங்கயும் போகப்போறதில்ல. இந்த வயசான வீடுங்க நகராது. இழுத்தா வாசல் தாண்டுறதுக்குள்ள உடைஞ்சு விழுந்துரும். அதனாலதான் நான் இங்க பணம் போட்டேன்.”

அதோடு நிற்காமல் அவன் ஆறுதலும் சொன்னான். அவளால் கட்ட முடியாமல் போனால் கவலைப்பட வேண்டாம். வீடுகளை அப்படியே விட்டுவிட்டுப் போகலாம், இடித்து அகற்றுகிற செலவைக்கூடக் கேட்கமாட்டான். அதாவது நான்கு வீடும் சும்மா அவன் கைக்கு வந்துசேரும், அவற்றைப் பழுதுபார்த்து அவனே வாடகைக்கு விடுவான். இந்த வியாபாரத்தில் இது பழைய வித்தை. வெர்னாவுக்கு அது தெரியும் என்பது மட்டும் அவனுக்குத் தெரியவில்லை.

நானும் ஜூனெலும் கேட்டுக்கொண்டு நின்றோம். எங்கள் வாடகையில் நூற்றெழுபது டாலரை ஏற்ற முடியாது என்பது வெர்னாவுக்குத் தெரியும். கடலை ஆலையில் எனக்குக் கிடைப்பதும், பள்ளிக்கூடத்தில் ஜூனெலுக்குக் கிடைப்பதும் அவளுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். ஏற்றினால் நாங்கள் போய்விடுவோம், ஏற்றாவிட்டால் அவளுக்கு மிஞ்சுவது பூஜ்யம். அவள் கோபப்படவில்லை. பெட்டியிலிருந்து இன்னொரு டோனட் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அன்று மாலையே அவள் ஓட்டிஸை வரச்சொன்னாள். ஓட்டிஸ் அவளுடைய முன்னாள் கணவன். வீடுகளை இழுத்துப்போகிற பெரிய லாரி ஒன்று வைத்திருக்கிறான். அவளை விட்டுப் பிரிந்து வெகுகாலம் ஆகிவிட்டது. அவளுடைய ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டை விட்டு மட்டும் இன்னும் பிரியவில்லை.

“எத்தன வீடு இழுக்கணும்?” என்றான்.

“ஒண்ணு.”

“எங்க?”

“வாசல் வழியா வெளிய. அப்புறம் பின்பக்கமா உள்ள.”

ஓட்டிஸ் கொஞ்சநேரம் தாடையைச் சொறிந்தான். அவளோடு குடும்பம் நடத்தியவன், காரணம் கேட்டுப் பயனில்லை என்று தெரிந்தவன். “டீசலுக்கு யாரு காசு?”

“சோறு போடுறேன்ல.”

“அது ஞாயித்துக்கிழமைச் சோறு. இது வேல நாளு.”

“சரி, புதன்கிழமையும் வந்து தொல.”

மறுநாளே நான்காவது வீட்டை எழுப்பத் தொடங்கினோம். அடித்தகட்டைப் பிரித்தபோது உள்ளே ஒரு குளவிக்கூடும், எங்களைப் பார்த்து எரிச்சலடைந்த, பெருச்சாளி மாதிரி ஒரு பொஸமும் இருந்தன. ஓட்டிஸ் தன்னுடைய முற்றத்திலிருந்து அச்சும் டயரும் கொண்டுவந்து பூட்டினான். இழுவைக் கொக்கி வீட்டுக்கடியிலேயே துருப்பிடித்துக் கிடந்தது. ஜாக்கியில் வீடு எழும்பியபோது அது போட்ட சத்தத்தில் ட்ரெவர் சொன்னது சரிதானோ என்று எனக்குப் பட்டது. வெர்னா மட்டும் கைகட்டி நின்றாள். “சத்தம் போடட்டும். நானும்தான் எந்திரிக்கும்போது சத்தம் போடுறேன்,” என்றாள்.

வாசல் கேமராவுக்குத் தெரிவது வாசலும் முதல் இரண்டு வீடுகளும்தான். வெர்னாவின் நான்கும் கடைசி வரிசையில், வேலிக்குப் பக்கத்தில். வேலிக்கு அந்தப்புறம் ஒரு விவசாயியின் நிலம். கடலை பிடுங்கி முடித்து, மழையில்லாமல் மண் காய்ந்து கல்லாக இருந்தது. வேலியில் நான்கு கம்பத்தைத் தற்காலிகமாகப் பிடுங்கிக்கொள்ளவும், நிலத்தின் குறுக்கே வண்டி ஓட்டவும் வெர்னா அவரிடம் அனுமதி கேட்டாள். அவள் சுட்டுக் கொடுத்த ஒரு பெக்கன் பலகாரத்தில் விஷயம் முடிந்தது. அவர் இரண்டு கேட்டாராம்.

முதல் பயணம் பிரமாதமாக நடந்தது. முன்னால் மஞ்சள் விளக்கைச் சுழலவிட்டபடி என்னுடைய பழைய பிக்கப். பின்னால் ‘அகலச் சுமை’ என்று பலகை கட்டிய ஓட்டிஸின் லாரி. அதற்குப் பின்னால் ஆடி அசைந்து வீடு. கேமராவுக்கு நேர் எதிரே ஜூனெல் நின்று கைக்குட்டையை ஆட்டினாள். லேசாகக் கண்ணைத் துடைத்தால் போதும் என்று வெர்னா சொல்லியிருந்தாள். ஜூனெல் தேவாலய நாடகங்களில் எல்லாம் நடித்தவள். துக்கம் தாங்காமல் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். நல்லவேளையாகக் கேமராவுக்குக் காது இல்லை. நாங்கள் நெடுஞ்சாலையில் ஒரு மைல் போய், விவசாயியின் பாதையில் திரும்பி, கடலைக் காட்டைக் கடந்து, வேலிச் சந்தின் வழியாக வீட்டைப் பழைய மனையிலேயே கொண்டுவந்து நிறுத்தினோம். ஒரு கண்ணாடிகூட விரிசல் விடவில்லை. அதைப் பார்த்து அதிகம் ஆச்சரியப்பட்டவன் ஓட்டிஸ்தான்.

சாயங்காலமே ட்ரெவர் வெர்னாவிடம் தொலைபேசியில் பேசினான். யார் காலி செய்தது என்று கேட்டான். அடுத்தவர் விஷயத்தில் தலையிடுகிற பழக்கம் தனக்கு இல்லை என்று வெர்னா சொன்னாள். பெக்கன் தோப்பில் இதைவிடப் பெரிய பொய் அதுவரை யாரும் சொன்னதில்லை.

அடுத்த பயணத்துக்கு வீடு வேறு வீடாக வேண்டியிருந்தது. பழைய வீட்டின் நிறம் அழுக்கு வெள்ளை. சந்தைக் காலத்திலிருந்து வெர்னாவின் கொட்டகையில் கிடந்த பெயிண்ட் டப்பாக்களைத் திறந்தோம். நானும் ஜூனெலும் பச்சை அடித்தோம். ஒரு பக்கம் முடித்து நான் ஏணியை மறுபக்கம் நகர்த்தினேன். வெர்னா என்னைக் கிறுக்கனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

“எதுக்குக் கண்ணு அந்தப் பக்கம்? கேமரா என்ன வீட்டச் சுத்தியா வருது?”

இப்படியாகப் பச்சை வீடு ஒன்று ஜன்னலில் பூப்போட்ட திரையோடு வாசலைத் தாண்டிப் போனது. ஒரு நாள் விட்டு மஞ்சள் வீடு ஒன்று, கூரையில் டிஷ் ஆன்டெனாவும் முன்பக்கம் அன்னப்பறவை வடிவப் பூந்தொட்டியுமாகப் போனது. ஒவ்வொரு தடவையும் ஜூனெலின் துக்கம் வளர்ந்துகொண்டே வந்தது. மூன்றாவது தடவை அவளுக்குத் துணையாக இன்னும் இரண்டு பெண்கள் வந்து அழுதார்கள், எதற்கென்றே கேட்காமல்.

அந்த மூன்றாவது பயணத்தில்தான் நெடுஞ்சாலையில் ஒரு போலீஸ்காரர் எங்களை ஓரங்கட்டச் சொன்னார். பெர்மிட்டைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தார். இந்தப் பக்கம் மஞ்சள், அந்தப் பக்கம் வெள்ளை.

“ஓட்டிஸ், இந்த வாரத்துல இந்த வீட்ட நான் எத்தன தடவ பாக்குறது? வருதா, போகுதா?”

“இன்னும் முடிவு பண்ணல சார்,” என்றான் ஓட்டிஸ்.

அவர் போகச் சொல்லிவிட்டார். சட்டத்தில் அதற்கு எதிராக ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

அன்று ட்ரெவர் இரண்டு முறை பேசினான். மூன்று வீடு போய்விட்டது, வங்கி ஆள் அடுத்த வியாழக்கிழமை வருகிறார் என்று புலம்பினான். நான்காவது யார் என்று தெரியவில்லையே என்று வெர்னாவும் சேர்ந்து கவலைப்பட்டாள்.

மறுநாள் காலையில் அவனே வந்து இறங்கினான். அந்தக் குடியிருப்பை வாங்கியவன் அன்றுதான் முதன்முதலாக அதைக் கடைசி வரிசைவரை நடந்து பார்த்தான். போகும்போது வீடுகளை விரல்விட்டு எண்ணினான். கடைசிக்கு வந்தவன் திரும்பவும் வாசலுக்குப் போய் முதலிலிருந்து எண்ணினான். ஒன்றும் குறையவில்லை. நாங்கள் எல்லோரும் அவரவர் படியில் உட்கார்ந்து அவித்த கடலையை உரித்துக்கொண்டு அவனைப் பார்க்காததுபோலப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மஞ்சள் வீட்டின் முன்னால் அவன் நின்றான். மறுபக்கம் போனான். கொஞ்சநேரம் அங்கேயே இருந்தான். திரும்பி வந்து கார்ச் சாவியால் சுவரை லேசாகச் சுரண்டினான். மஞ்சளுக்குக் கீழே பச்சை. பச்சைக்குக் கீழே வெள்ளை. விரலில் ஒட்டியது, பெயிண்ட் இன்னும் சரியாகக் காயவில்லை.

அவன் முட்டாள் இல்லை, ஊருக்குப் புதியவன், அவ்வளவுதான். பூட்ஸைப் பார்த்தபடி சிரிக்கவும் முடியாமல் கோபப்படவும் முடியாமல் நின்றான்.

“ஒரே வீடு,” என்றான்.

“ஆமா,” என்றாள் வெர்னா. ஒரு கிண்ணத்தில் கடலையை அவனிடம் நீட்டினாள்.

வித்தை வெளிப்பட்டுவிட்டது, இனி நானூற்றுப் பத்துதான் என்று நான் நினைத்தேன். ட்ரெவரும் அதையேதான் நினைத்திருப்பான், ஏனென்றால் அவன் முகம் மெல்லத் தெளிந்தது. யாருமே போகவில்லை, எல்லா மனையும் நிறைந்திருக்கிறது, வங்கி ஆள் வரட்டும். அவன் ஒரு கடலையை எடுத்து உரித்தான்.

“நல்லா விளையாடினீங்க மேம். ஆனா வாடகை வாடகைதான்.”

“அது சரி தம்பி. நீங்க அன்னைக்கு என்ன சொன்னீங்க? இழுத்தா வாசல் தாண்டுறதுக்குள்ள உடைஞ்சுரும்னீங்க. எனக்கும் அந்தப் பயம்தான். இத்தன வருஷம் நானும் அப்படித்தான் நெனச்சேன்.” வெர்னா வீட்டின் சுவரைத் தட்டினாள். “என்கிட்ட இருக்கிறதுலயே சீக்காளி இது. மூணு தடவ போயிட்டு வந்துருக்கு. ஒரு கண்ணாடி கீறல. மத்த மூணும் இதவிடத் திடமானது.”

ட்ரெவர் உரித்த கடலையைச் சாப்பிடவில்லை.

“போறதுக்கு இடம் வேணுமே. இழுக்குற செலவு வேற.”

“இழுக்குறது ஓட்டிஸு, அதோ லாரிகிட்ட நிக்கிறானே. அவனுக்குக் கூலி ரெண்டு வேளச் சோறு. எடமும் அவனோடதுதான். அவங்க அம்மா விட்டுட்டுப் போன நெலம், கிணறு இருக்கு, சாக்கடத் தொட்டி இருக்கு. நாலு வீடு தாராளமா நிக்கும்.”

தன்னுடைய நிலத்தைப் பற்றிய இந்தத் திட்டத்தை ஓட்டிஸ் அப்போதுதான் முதல் தடவையாகக் கேள்விப்பட்டான் என்று அவன் புருவம் சொன்னது. ட்ரெவர் அவன் பக்கம் திரும்பி அப்படியா என்று கேட்டான்.

“அவ சொன்னா அப்படித்தான்,” என்றான் ஓட்டிஸ். “நான் எதுத்துப் பேசிப் பாத்திருக்கேன். பிரயோஜனமில்ல.”

அதற்குமேல் நடந்தது சந்தை வியாபாரம். ட்ரெவர் முந்நூற்று ஐம்பது என்றான். வெர்னா இருநூற்று ஐம்பதிலேயே நின்றாள். அவன் முந்நூற்று இருபதுக்கு வந்தபோது, அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று எழுந்து உள்ளே போய்விட்டாள். அடுப்பில் ஒன்றும் இல்லை; அவளுடைய அப்பா இப்படித்தான் வாடிக்கையாளரை நிற்கவைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போவாராம். ஓட்டிஸ் அந்த நேரம் பார்த்து லாரியைச் சுற்றி வந்து டயர்களை ஒவ்வொன்றாக உதைத்துப் பார்த்தான். வெர்னா வெளியே வந்தபோது ட்ரெவர் முந்நூறுக்கு இறங்கியிருந்தான். இருநூற்று எழுபத்தைந்தில் கை குலுக்கினார்கள். அவளுக்கு மட்டும் அந்த விலை என்றான் அவன். அப்படியானால் மற்றவர்கள் ஓட்டிஸின் தொலைபேசி எண்ணைக் கேட்டால் என்ன செய்வது என்று அவள் அப்பாவியாகக் கேட்டாள். கடைசியில் குடியிருப்பு முழுவதற்கும் அதே வாடகை, இரண்டு வருஷத்துக்கு ஏற்றுவதில்லை என்று அங்கேயே காரின் முன்மூடியில் வைத்து எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

அவன் கிளம்புகிற நேரத்தில் வெர்னா இன்னொரு சந்தேகம் கேட்டாள். வங்கிக்காரர், ஆள் இருக்கிற மனையைத்தானே எண்ணுவார்? இந்த மஞ்சள் வீடு காலியாயிற்றே. இதை ட்ரெவரே வாங்கிக்கொண்டு, குடியிருப்பைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை வைத்தால் அழகாக இருக்குமே. அவளுக்கு அதை விற்க மனசே இல்லையாம், அன்னப்பறவைத் தொட்டியைச் சேர்த்து இரண்டாயிரம் என்றாள். ட்ரெவர் நெற்றியைத் தேய்த்தான். நல்ல வேளை, குளியலறையை அவன் பார்க்கவில்லை.

“ஆயிரத்தெண்ணூறு. பெயிண்ட் வேற அடிக்கணும்.”

“பாதிக்கு மேல அடிச்சாச்சு தம்பி. ஒரு பக்கம் ரெண்டு கோட்டு.”

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துக்கு வாங்கினான். போகும்போது வெர்னாவிடம் கைகொடுத்து, தான் போன வகுப்பில் அடுத்த தடவை அவளைப் பேசக் கூப்பிடச் சொல்வதாகச் சொன்னான். கூலி எவ்வளவு தருவார்கள் என்று அவள் கேட்டாள்.

அடுத்த வியாழக்கிழமை வங்கி ஆள் வந்து எண்ணிவிட்டுப் போனார். வெர்னாவின் மூன்று வீடுகளும் அவளிடமே இருந்தன. ஜூனெல் தன்னால்தான் எல்லாம் நடந்தது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

நவம்பர் முதல் தேதி காலையில் என் கதவு தட்டப்பட்டது. வெர்னா. மனை வாடகை முப்பத்தைந்து டாலர் ஏறியிருப்பதை ஞாபகப்படுத்தினாள். அவளுடைய முதுமைக்காலத்தையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

ஏணியில் ஏறிப் பெயிண்ட் அடித்தது யார் என்று கேட்டேன். அது நட்பு, இது வாடகை என்றாள். இப்போது அவள் மூன்று மனைக்குத்தான் கட்டுகிறாள், காலி வீட்டை விற்ற காசும் கையில் இருக்கிறது, ஐந்து டாலருக்கு மேல் தரமாட்டேன் என்றேன். முப்பது என்றாள். நானும் சந்தை பார்த்தவன்தான். திரும்பி அடுப்புப் பக்கம் போனேன். அவள் அசையவில்லை. கடைசியில், இந்த விலைக்கு இங்கே இருப்பதைவிடக் காலி செய்துகொண்டு போவதே மேல் என்று சொல்லிப் பார்த்தேன்.

வெர்னா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு குனிந்து, நான் இருக்கிற வீட்டின் அடித்தகட்டைப் பரிவோடு தடவினாள்.

“வீடு என்னோடது கண்ணு. நீ போறதுன்னா நடந்துதான் போகணும்.”

பதினைந்துக்கு முடித்துக்கொண்டோம்.